பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க முடியாத கடை

இரவு பத்து மணிக்கு மேல் அக்காவிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஆப்பில் ஒரு பிஸ்கட் பாக்கெட். கீழே மூன்று வரி: மொறுமொறுப்பானது, முழு கோதுமையில் செய்தது, குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவது. அதற்கும் கீழே அக்கா தட்டியிருந்தாள்: "டேய், இதுல பால் இருக்கா இல்லையா? நீ இந்த வேலைதானே பார்த்தே, கண்டுபிடிச்சுச் சொல்லு."

அக்கா பையனுக்குப் பால் ஆகாது. குடித்தால் வயிறு உப்பும் ரகம் இல்லை. பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காத தொல்லை வேறு, இது வேறு. இவனுக்குப் பாலில் இருக்கும் புரதமே ஆகாது. ஒன்றரை வயதில் யாரோ ஆசையாக ஊட்டிய ஒரு துண்டு கேக்குக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசிலடிக்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிஸ்கட் வாங்குவது ஒரு தனிப் படிப்பாகிவிட்டது.

கடைக்கு நேரில் போனால் அக்கா முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். எடுத்த கையோடு திருப்பிவிடுவாள். ஒட்டு மடிப்பை விரலால் தள்ளி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படிப்பாள். பத்து விநாடி வேலை. ஆப்பில் அந்தப் பத்து விநாடிக்கு இடமே இல்லை.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு நானும் அந்தப் பக்கத்துக்குள் போனேன். ஐந்து படங்கள். முன்பக்கம்; கொஞ்சம் சாய்த்து எடுத்த முன்பக்கம்; ஒரு குழந்தை சிரித்தபடி கடிப்பது; தட்டில் அடுக்கிய பிஸ்கட், பக்கத்தில் ஒரு டம்ளர் பால் (அலங்காரத்துக்கு வைத்ததா, உண்மையைச் சொல்ல வைத்ததா என்று நமக்குத் தெரியப்போவதில்லை); ஐந்தாவதாக மறுபடியும் முன்பக்கம். 'உட்பொருட்கள்' என்று ஒரு தலைப்பு இருந்தது. ஆவலோடு விரலை வைத்து விரித்தேன். "பாக்கெட்டின் பின்புறம் பார்க்கவும்."

எந்தப் பாக்கெட்? அது ஏதோ ஒரு கிடங்கில், ஏதோ ஒரு அலமாரியில், முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அக்கா என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடம் நான் ஒரு ஆன்லைன் மளிகை நிறுவனத்துக்காக கேட்டலாக் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். நீங்கள் ஆப்பில் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு நீண்ட படிவம் இருக்கிறது. பெயர், பிராண்ட், நிகர எடை, உட்பொருட்கள், ஒவ்வாமைத் தகவல், ஊட்டச்சத்து, தயாரிப்பாளர் முகவரி என்று அது நீண்டுகொண்டே போகும். தயாரிப்பாளரே நிரப்பிக் கொடுத்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு போட்டோ வரும், அதைப் பார்த்து நாங்கள் தட்டச்சு செய்யவேண்டும்.

அந்த போட்டோக்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பளபளக்கும் பாக்கெட்டில் ஃபிளாஷ் அடித்து எடுத்திருப்பார்கள்; வெள்ளை வெளிச்சம் சரியாக உட்பொருள் பட்டியலின் நடுவில் விழுந்திருக்கும். சர்க்கரை வரைக்கும் தெரியும், அப்புறம் ஒரு வெண்மேகம், பிறகு 'மணமூட்டி' என்பதில் தொடங்கும். மேகத்துக்குள் என்ன இருந்தது என்று கேட்டு மெயில் போட்டால் பதில் வர ஒரு வாரம். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் முடிக்கவேண்டும் என்ற கணக்கோ ஒரு வாரம் காத்திருக்காது. கட்டாயமான கட்டங்கள் நிரம்பினால்தான் பக்கம் நேரலைக்குப் போகும். பெயர், விலை, எடை, முதல் படம் இவைதான் கட்டாயம். உட்பொருட்கள் கட்டாயம் இல்லை. காலியாக விட்டாலும் பக்கம் போகும். விட்டிருக்கிறேன். எத்தனை முறை என்று இப்போது எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

அந்தக் காலி இடம் அத்தோடு நிற்காது. தளத்தில் 'பால் இல்லாதவை' என்று ஒரு ஃபில்டர் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். அது எப்படி வேலை செய்தது தெரியுமா? ஒவ்வாமைக் கட்டத்தில் 'பால்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அந்தப் பொருளை மறைக்கும். இல்லாவிட்டால் காட்டும். கட்டம் காலியாக இருந்தால்? அங்கே 'பால்' இல்லையே, ஆகவே காட்டும். 'தெரியாது' என்று நாங்கள் விட்ட இடத்தை இயந்திரம் 'இல்லை' என்று படித்துக்கொண்டது. பாலே பிரதானமான ஒரு சாக்லேட் அந்தப் பட்டியலில் முதல் வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். சொன்னோம், திருத்தினார்கள். ஆனால் ஃபில்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பழக்கம் எனக்கு அன்றோடு போய்விட்டது.

உட்பொருள் பட்டியலில் வரிசையே ஒரு தகவல். உணவுக்கான உலக அளவிலான தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் (ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 1963-ல் ஏற்படுத்தியது) லேபிளுக்கு ஒரு பொதுத் தரம் வைத்திருக்கிறது. தயாரிக்கும்போது எது எடையில் அதிகம் சேர்ந்ததோ அது முதலில் வரவேண்டும், பிறகு இறங்குவரிசை. பெரும்பாலான நாடுகளின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. எங்கள் படிவத்திலோ 'முக்கியப் பொருட்கள்' என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதை நிரப்பியது விளம்பரப் பிரிவு. பாக்கெட்டில் ஒன்பதாவது இடத்தில் ஒளிந்திருந்த பாதாம், பக்கத்தில் முதலாவதாக வந்து நிற்கும். தேன் இரண்டாவது. முதலிடத்தில் இருந்த சர்க்கரை காணாமலே போயிருக்கும். பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது; பாதாம் உள்ளே இருக்கத்தானே செய்கிறது.

அச்சிட்ட லேபிளுக்கு எவ்வளவு கறாரான சட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் இந்த வித்தியாசம் இன்னும் உறைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குமுறை எழுத்தின் உயரத்தைக் கூட விடவில்லை: ஆங்கிலத்தின் சின்ன 'x' எழுத்து குறைந்தது 1.2 மில்லிமீட்டர் உயரம் இருக்கவேண்டும். மிகச் சிறிய பாக்கெட் என்றால் 0.9 வரை குறையலாம். பால், முட்டை, கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், வேர்க்கடலை, எள், மீன் என்று 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ பட்டியலுக்குள்ளேயே தனித்துக் காட்டவேண்டும். மில்லிமீட்டர் கணக்குப் பார்த்து அச்சிட்ட அந்த எழுத்தை, ஆப்புக்காகச் சுருக்கிய படத்தில் போட்டால் என்ன ஆகும்? இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால் சாம்பல் நிறப் புள்ளிகள். 'ஹீரோ படம்' என்று தொழிலில் ஒன்று சொல்வார்கள். கைப்பேசித் திரைக்கென்றே வரைந்த பாக்கெட். அதில் பிராண்டும் சுவையும் அளவும் பெரிதாகத் தெரிவதற்காக மற்ற எழுத்துகளை வேண்டுமென்றே அழித்துவிடுவார்கள். நீங்கள் பார்ப்பது பாக்கெட்டின் போட்டோ கூட இல்லை, பாக்கெட்டின் வேடத்தில் ஒரு ஓவியம்.

சரி, இணையத்துக்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. அதே ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 14-வது பிரிவு தொலைவிலிருந்து விற்பதைப் பற்றியது. லேபிளில் கட்டாயமான தகவல்கள், வாடிக்கையாளர் வாங்கி முடிப்பதற்கு முன்பே, கூடுதல் செலவில்லாமல் அவருக்குக் கிடைக்கவேண்டும். 2014 டிசம்பரில் அமலுக்கு வந்தது. கோடெக்ஸும் இணைய வணிகத்தில் உணவுத் தகவல் பற்றித் தனி வழிகாட்டுதலை 2024-ல் ஏற்றது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, ஆன்லைன் மளிகையில் லேபிள் தகவல் எப்படித் தரப்படுகிறது என்று 2023-ல் எல்லோரிடமும் கருத்துக் கேட்டது. முதல் பார்கோடு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்கேன் ஆனது 1974-ல். அரை நூற்றாண்டு கழித்து இப்போதுதான் பாக்கெட்டின் பின்பக்கம் திரைக்கு வரவேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்திருக்கிறது.

அந்த பார்கோடைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும், ஏனென்றால் காலாவதித் தேதி ஏன் ஆப்பில் இல்லை என்று அக்கா அடிக்கடி கேட்பாள். 1974 ஜூன் 26, ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரம். ரிக்லி சூயிங்கம் பாக்கெட். அன்று 'பீப்' அடித்த கோடுகளுக்குள் இருந்ததும், இன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பாக்கெட்டின் கோடுகளுக்குள் இருப்பதும் ஒரே மாதிரியான விஷயம்தான்: இது இன்ன பொருள் என்று சொல்லும் ஒரு எண். அவ்வளவே. எந்த பேட்ச், எந்தத் தேதி என்பது அதில் இல்லை. ஒரே எண் தாங்கிய லட்சம் பாக்கெட்டுகளில் ஒன்று நேற்று வந்திருக்கும், ஒன்று அடுத்த வாரம் காலாவதியாகும். கேட்டலாக்குக்கு எல்லாம் ஒன்றுதான். ஆன்லைன் பக்கம் விவரிப்பது ஒரு வகையை. வீட்டுக்கு வருவதோ ஒரு குறிப்பிட்ட பாக்கெட். அதனால்தான் ஐரோப்பியச் சட்டமே வாங்கும் முன் தரவேண்டிய தகவலிலிருந்து தேதிக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. டெலிவரியின்போது தெரிந்தால் போதும். கியூஆர் போன்ற இருபரிமாணக் குறியீடுகளில் பேட்ச் எண்ணும் தேதியும் ஏற்ற முடியும். 2027 முடிவுக்குள் கடைகளின் பில் கவுன்ட்டர்கள் அவற்றைப் படிக்கத் தயாராகவேண்டும் என்று பார்கோடு தரங்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. அது பரவினால் 'பத்து நாளில் காலாவதி' என்று பக்கமே சொல்லலாம். சொல்வார்களா என்பது வேறு கேள்வி. பழைய சரக்கைத் தள்ளிவிட யாருக்குத்தான் ஆசை இருக்காது?

தேதி போகட்டும். எனக்கு அதிகப் பயம் தந்தது மாறிப்போன செய்முறை. அமெரிக்காவில் 2021-ல் வந்த சட்டம் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்தது. 2023 ஜனவரி 1 முதல் லேபிளில் கட்டாயம். நடந்தது என்ன தெரியுமா? எள் ஒட்டாமல் இயந்திரங்களைக் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பது கஷ்டம் என்று, சில ரொட்டித் தயாரிப்பாளர்கள் அதுவரை எள் சேராத ரொட்டியிலும் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவு சேர்த்து, 'எள் உண்டு' என்று அச்சிட்டுவிட்டார்கள். சட்டப்படி சரி. பல வருடமாக அந்த ரொட்டியை நம்பிச் சாப்பிட்டவர் கதி? நேரில் வாங்கினால் புது லேபிள் கண்ணில் படும். ஆன்லைனில் 'முன்பு வாங்கியவை' பட்டியலைத் தொட்டு 'மறுபடி ஆர்டர்' அழுத்துபவருக்கு எதுவும் கண்ணில் படாது. ஒவ்வாமைப் பொருள் புதிதாகச் சேர்வது போன்ற மாற்றத்துக்குப் புது எண் கொடுக்கவேண்டும் என்பது ஜிஎஸ்1 விதி. பழைய எண்ணிலேயே புதுச் சரக்கு வந்து இறங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். எண் மாறாவிட்டால் எங்களுக்கு அறிவிப்பு வராது. இரண்டு வருடம் முந்தைய போட்டோவே பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு கதை அம்மாவுடையது. அம்மாவுக்கு பிரஷர், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. பாக்கெட் உணவிலேயே பாதி போய்விடும் என்பதால் அம்மா எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவார். ஒரு சூப் பவுடர் பக்கத்தைக் காட்டி, "உப்பு 0.4 கிராம்தான் போட்டிருக்குப்பா, பரவாயில்லையே" என்றார். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. பாக்கெட் வந்ததும் பார்த்தால் சோடியம் 400 மில்லிகிராம், ஒரு சர்விங்குக்கு, அதாவது ஒரு முறை பரிமாறும் அளவுக்கு. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பு. அதாவது ஒரு கிராம். சில நாடுகளின் லேபிளில் 'உப்பு' என்று இருக்கும், சில நாடுகளில் 'சோடியம்'. படிவத்திலோ ஒரே கட்டம். தட்டச்சு செய்தவர் மில்லிகிராமைக் கிராமாக மாற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதே தவறை நானும் செய்திருப்பேன், நிச்சயம். அதேபோல 100 கிராமுக்கான எண்ணும் ஒரு சர்விங்குக்கான எண்ணும் ஒரே கட்டத்தில் மாறி மாறி விழும். இரண்டு சூப்பை ஆப்பிலேயே ஒப்பிட்டுப் பார்த்து வாங்கியதாக யாராவது பெருமைப்பட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் ஒருவன் அனுபவம் என்று தள்ளிவிடலாம். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஒரு ஆய்வு 2022-ல் வெளியானது. அமெரிக்காவின் ஒன்பது ஆன்லைன் விற்பனையாளர்களிடம் பத்துப் பொருட்களை எடுத்துப் பார்த்தார்கள். கட்டாயத் தகவல் பளிச்சென்று, படிக்கும்படி இருந்தது சராசரியாக 36.5 சதவீதம்தான். உட்பொருள் பட்டியல் 54.2. ஒவ்வாமைத் தகவல் 11.4. 'நார்ச்சத்து நிறைந்தது' வகையான, யாரும் கட்டாயப்படுத்தாத பெருமைப் பேச்சு மட்டும் 63.5. சிறிய ஆய்வுதான், ஆனால் எங்கள் படிவத்தில் எந்தக் கட்டம் நிரம்பும், எது காலியாகும் என்று தெரிந்தவனுக்கு அந்த எண்களில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இத்தனைக்கும் பக்கத்தின் அடியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "தகவல்கள் மாறக்கூடும், உண்ணும் முன் பாக்கெட்டில் உள்ள லேபிளைப் படிக்கவும்." அறிவுரை சரிதான், நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த வரியின் பயன் பொருள் வீட்டுக்கு வந்த பிறகு. பணம் கட்டியாகிவிட்டது, பையன் கதவருகே நின்று பையைக் கிளறிக்கொண்டிருக்கிறான். உணவுப்பொருள் என்பதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றும் சில இடங்களில் சொல்வார்கள்.

மாற்றுப் பொருள் விஷயமும் உண்டு. நீங்கள் கேட்டது தீர்ந்துபோனால் அதே மாதிரி இன்னொன்றை எடுத்துப் போட்டு அனுப்பும் ஏற்பாடு. எடுத்து வைக்கும் ஊழியருக்கு 'அதே மாதிரி' என்றால் அதே சுவை, கிட்டத்தட்ட அதே எடை. உட்பொருளை அவர் ஏன் பார்க்கப்போகிறார்? அக்கா முதல் வேலையாக அந்த அனுமதியை அணைத்துவிட்டாள். ஒவ்வாமை உள்ள வீட்டில் எல்லோரும் அணைத்துவிடுங்கள், ஆர்டர் அரைகுறையாக வந்தாலும் பரவாயில்லை.

'பால் கலந்திருக்க வாய்ப்புண்டு' என்ற எச்சரிக்கை பாக்கெட்டில் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே, மடிப்போரத்தில் இருக்கும். பல நாடுகளில் அது தயாரிப்பாளர் விரும்பினால் போடுவது, கட்டாயமில்லை. கேட்டலாக்கில் அதற்கென்று ஒரு கட்டமும் எங்களுக்கு இருந்ததில்லை. உட்பொருள் கட்டத்தின் கடைசியில் ஒட்டுவோம், நினைவிருந்தால்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். புதுப் பொருள் எதையும் முதல்முறை ஆன்லைனில் வாங்குவதில்லை. நேரில் கிடைக்காததென்றால் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் உட்பொருளைப் பார்ப்போம். அங்கேயும் தேதி போட்டிருந்தால்தான் நம்பிக்கை. பின்பக்கப் படம் தெளிவாக இருக்கும் பக்கத்துக்கு முன்னுரிமை. வந்த ஒவ்வொரு பாக்கெட்டையும், பத்தாவது முறை வாங்கியதானாலும், அலமாரிக்குப் போகும் முன் அக்கா திருப்பிப் படித்து மூலையில் பேனாவால் ஒரு டிக் போடுவாள். டிக் இல்லாததைப் பையன் தொடமாட்டான். ஒரு முறை எனக்கு வந்த பிறந்தநாள் சாக்லேட்டைக் கூட எடுத்துக்கொண்டுபோய் "அம்மா, இதுக்கு டிக் போடலை" என்று நீட்டினான்.

அந்த பிஸ்கட்டுக்கு வருவோம். "தெரியவில்லை, வாங்காதே" என்று அக்காவுக்குப் பதில் அனுப்பிவிட்டு, ஒரு பிடிவாதத்தில் தளத்தின் உதவிப் பெட்டியில் கேட்டேன்: இதில் பால் உண்டா? பின்பக்கப் படம் கிடைக்குமா? முதலில் ஒரு தானியங்கி, என் ஆர்டர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல முன்வந்தது. நான் ஆர்டரே போடவில்லை. பிறகு ஒரு மனிதர் வந்தார், சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். சம்பந்தப்பட்ட குழு என்றால் யார் என்று எனக்குத் தெரியும்: நான் விட்டுவந்த நாற்காலி மாதிரி ஒன்றில் உட்கார்ந்திருக்கும், அன்றைய கணக்கு இன்னும் முடியாத ஒரு பையனோ பெண்ணோ.

அடுத்த நாள் அக்கா வேறு வேலையாகப் போன இடத்தில் அதே பிஸ்கட்டைக் கையில் எடுத்துத் திருப்பிவிட்டாள். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று போய், ஆறாவது இடத்தில், தடித்த எழுத்தில்: வே பவுடர், அடைப்புக்குள் பால்.

மூன்றாம் நாள் தளத்திலிருந்து பதில் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, கேட்ட படத்தை இணைத்திருக்கிறோம். திறந்து பார்த்தேன். முன்பக்கம்.